ஸ்டார்ச்: கஞ்சியா, மாவா, நூறா?

வேட்டிக்குப் போடும் கஞ்சியும் ஸ்டார்ச், மரவள்ளியிலிருந்து எடுக்கும் வெள்ளைப் பொடியும் ஸ்டார்ச். இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் வேட்டிப் பக்கம்தான் இருக்கிறது. விறைப்பாக்குதல் என்பதே அதன் பழைய பொருள். கிரேக்கர்கள் வைத்த பெயர் அமிலோன், அதாவது 'ஆலையில் அரைக்காதது'. எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதிக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.

அந்த 'அரைக்காதது' என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மாவு வேறு, ஸ்டார்ச் வேறு: அரைத்தால் வருவது மாவு, நீரில் கழுவிப் பிரித்தால் வருவது ஸ்டார்ச். பிசைந்த கோதுமை மாவு உருண்டையைத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிப் பாருங்கள். கையில் ரப்பர்போல் மிஞ்சுவது புரதம். தண்ணீர் பால்போல் வெளுத்து, சற்று நேரத்தில் அடியில் படிகிறதே, அதுதான் ஸ்டார்ச்.

சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் நடப்பதும் இதேதான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் சீவி, கழுவி, அரைத்து, நீர்விட்டுச் சலித்தால் பால் இறங்கிவிடும், சக்கை நின்றுவிடும். சக்கைக்கு அங்கே திப்பி என்று பெயர், மாட்டுத் தீவனமாகப் போகிறது. பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் ஸ்டார்ச் கெட்டியாகப் படியும். ஈரத்தோடு அதை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. குளிர்ந்த நீரில் கரையாத குணத்தை நம்பித்தான் இத்தனை வேலையும். வெந்நீர் பட்டால் போச்சு: ஏறத்தாழ 60, 70 டிகிரி சூட்டில் குருணைகள் ஊதிக் கூழாகிவிடும். துணிக்குக் கஞ்சியாவது அந்தக் கூழ்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் மாவுச்சத்து, தரசம் என்கிறார்கள்; இலங்கையில் மாப்பொருள். தரசத்தைப் பார்த்தால் பொருள் பிடிபடுவதில்லை. மாவுச்சத்தில் வேறு சிக்கல்: கார்போஹைட்ரேட்டுக்கும் அதையே புழங்குகிறோம். சர்க்கரையும் கார்போஹைட்ரேட்தான், ஆனால் ஸ்டார்ச் அல்லவே!

பழந்தமிழில் இதற்கு ஒரு சொல் இருந்தது. சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில், மலைவாழ் மக்கள் சேரன் செங்குட்டுவனுக்குக் கொண்டுவந்த பொருள்களில் 'கூவை நூறும் கொழுங்கொடிக் கவலையும்' உண்டு. நூறுதல் என்றால் பொடியாக்குதல். கூவைக் கிழங்கிலிருந்து எடுத்த பொடியே கூவை நூறு. கேரளத்தில் இன்றும் கூவைக் கிழங்கைத் துருவி, நீரில் கரைத்து, தெளியவைத்து, கசப்புப் போகும்வரை நீரை மாற்றி மாற்றிப் பொடி எடுக்கிறார்கள்.

எனக்கு நூறுதான் பிடித்த சொல். ஆனால் கடையில் போய் 'நூறு கிராம் நூறு கொடுங்கள்' என்றால் கடைக்காரர் முழிப்பார். அதனால் அறிவியலுக்கு மாப்பொருள், வேட்டிக்குப் பழையபடி கஞ்சி.