பாரிஷ்: அயலார் குடியிருப்பிலிருந்து கோயிற்பற்று வரை

ஸ்காட்லாந்தின் பழைய கிராம வாழ்க்கையைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோருக்கு முதலில் தடையாக நிற்கும் சொல் பாரிஷ். ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் அமைந்த நிலப்பகுதியை அது குறிக்கும். அதைச் சிலர் கிராமம் என்று மொழிபெயர்க்கின்றனர். சிலர் ஊராட்சி என்கின்றனர். கத்தோலிக்க மரபில் வளர்ந்தவர்கள் பங்கு என்று எழுதுகின்றனர். மூன்றும் முழுப் பிழையல்ல என்றாலும், மூன்றில் எதுவும் அச்சொல் சுமந்த பொருளை முழுமையாகத் தாங்குவதில்லை.

இச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. அருகில் என்னும் பொருள்படும் பாரா என்ற முன்னொட்டும், வீடு எனப் பொருள்படும் ஒய்கோஸ் என்ற பெயரும் சேர்ந்து பாரொய்கோஸ் என்றாயின. ஓர் ஊரில் குடியிருந்தும் அவ்வூருக்கு உரிமையில்லாத அயலானையே அது குறித்தது. அத்தகைய வாழ்வுக்குப் பாரொய்கியா என்று பெயர். புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் திருமுகம் இவ்வுலக வாழ்வை இச்சொல்லால் குறிப்பிடுகிறது. தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் பரதேசி என்ற சொல்லை ஆண்டிருப்பது மிகப் பொருத்தமானது. உலகில் தாங்கள் அயலாராகத் தங்கியிருப்பதாகக் கருதிய தொடக்கக் கிறித்தவர்கள் தம் கூட்டத்துக்கே அப்பெயரை இட்டுக்கொண்டனர். பின்னர் அது இலத்தீனில் பரோக்கியா என்றும், பழைய பிரெஞ்சில் பரோய்ஸ் என்றும் திரிந்து, ஆங்கிலத்தில் பாரிஷ் ஆயிற்று. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் பேசப்பட்ட ஸ்காட்ஸ் மொழியில் பரோச்சின் என்ற வடிவமும் வழங்கியது. மலைநாட்டிலும் தீவுகளிலும் வாழ்ந்த கேலிக் மொழியினர் மட்டும் இவ்வேரை விடுத்து, ஆட்சிப் பிரிவைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த ஸ்கீரெ என்பதையே பெரிதும் ஆண்டனர். அவர்கள் கண்ணுக்குப் பாரிஷ் முதலில் ஒரு நிலப்பகுதியாகவே தெரிந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

அந்நிலப்பகுதி உருவானதில் வரிக்குப் பெரும் பங்குண்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் காலத்தில் (1124–1153), விளைச்சலில் பத்திலொரு பங்கைத் தேவாலயத்துக்குச் செலுத்தும் முறை உறுதிப்படுத்தப்பட்டது. அதற்கு டீன்ட் என்று பெயர். தமிழ்க் கிறித்தவர்கள் அறிந்த தசமபாகமே அது. எந்த வயலின் தானியம் எந்தக் கோயிலுக்குச் சேரும் என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்ததால் எல்லைகள் வரையறுக்கப்பட்டன. பாரிஷின் எல்லை வழிபாட்டோடு விளைச்சலாலும் வரையப்பட்டது என்பதை மொழிபெயர்ப்பாளர் மறக்கக் கூடாது.

1560இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த சமயச் சீர்திருத்தம் வந்தபின்னும் எல்லைகள் பெரும்பாலும் நிலைத்தன. அவற்றுக்குள் நடந்த பணிகளோ பெருகின. ஸ்காட்ஸ் மொழியில் கோயிலுக்குக் கர்க் என்று பெயர். சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தை இன்றும் பலர் கர்க் என்று அழைப்பது அதன் எச்சமே. ஒவ்வொரு கோயிலிலும் போதகரும் மூப்பர்களும் அடங்கிய அவை ஒன்று கூடியது. அது ஒழுக்கக் குற்றங்களை விசாரித்தது, ஏழைகளைத் தாங்கியது, திருமுழுக்கையும் திருமண அறிவிப்பையும் ஏட்டில் பதிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை, குற்றம் செய்தோர் செலுத்திய தண்டம், சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணிக்கான வாடகை ஆகியவற்றிலிருந்தே ஏழைகளுக்கான நிதி திரண்டது. ஒரு வீட்டின் துக்கத்துக்கு வாங்கிய வாடகை மற்றொரு வீட்டின் அடுப்புக்குப் போனது என்பதை நினைக்கும்போது, இச்சொல்லுக்குள் எத்தனை நெருக்கமான வாழ்க்கை அடங்கியிருந்தது என்பது புலப்படும். 1696ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்றும், அங்குள்ள நிலக்கிழார்கள் பள்ளிக் கட்டடத்தோடு ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 முதல் 200 மெர்க் (பழைய ஸ்காட்லாந்து நாணயம்) வரை ஊதியமும் தரவேண்டும் என்றும் விதித்தது.

போதகரும் இந்த விளைச்சல் வாழ்க்கைக்கு வெளியே நின்றவரல்லர். அவருடைய ஊதியம் பெரும்பாலும் ஓட்ஸ் மாவாகவும் வாற்கோதுமையாகவும் கணக்கிடப்பட்டது. குருமனையோடு கிளீப் என்னும் மானிய நிலமும் அவருக்கு உண்டு. குறைந்தது 4 ஏக்கர் விளைநிலமும், ஒரு குதிரைக்கும் இரண்டு பசுக்களுக்கும் மேய்ச்சலும் தரவேண்டும் என்பது சட்டம். ஆகவே மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் அவர் வீட்டுக் குதிரும் அசைந்தது.

இவ்வகைப் போதகர்களிடமிருந்தே நாம் ஸ்காட்லாந்தின் கிராமப் பிழைப்பை இன்று அறிகிறோம். 1790இல் நிலக்கிழாரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஜான் சின்கிளேர் நாடெங்கும் உள்ள போதகர்களுக்கு 160க்கும் மேற்பட்ட வினாக்களை அனுப்பினார். மண், மீன், கூலி, பயிர், நோய், மக்கள்தொகை, ஊர்ப்பெயரின் வரலாறு என எல்லாவற்றையும் அவர் கேட்டார். 938 பாரிஷ்களின் விடைகள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. சிறு நிலத்துக்கும் குடிசைக்கும் ஈடாக உழவரிடம் உழைத்த காட்டர் குடும்பங்கள், ஆளிநார் நூல் நூற்ற பெண்கள், தறியில் அமர்ந்த நெசவாளர், பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை வெட்டி உலர்த்தியோர், கருநிற மாடுகளைத் தென்திசைச் சந்தைகளுக்கு ஓட்டிச் சென்றோர், ஆர்க்னி மற்றும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சாம்பலுக்காகக் கடற்பாசியை எரித்தோர் ஆகிய அனைவரும் அவ்வேடுகளில் இடம்பெற்றுள்ளனர். தமிழில் புள்ளியியல் எனப்படும் துறையின் பெயரை ஜெர்மன் மொழியிலிருந்து எடுத்து ஆங்கிலத்தில் பரவலாக்கியவரும் சின்கிளேரே.

இந்தப் பாரிஷ்களுள் ஒன்றை மட்டும் தனித்துச் சொல்ல விரும்புகிறேன். தென்மேற்கில் சால்வே கழிமுகத்தை ஒட்டிய ரத்வெல்லில் உப்பேறிய கடற்கரை மணலிலிருந்து உப்பெடுத்து வாழ்ந்தோரும் இருந்தனர். அங்கே போதகராக இருந்த ஹென்றி டங்கன், ஏழைகள் பிறர் கையை எதிர்பாராமல் தம் உழைப்பிலேயே ஊன்றி நிற்க வேண்டும் என்று எண்ணி 1810இல் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். பிற வங்கிகள் கணக்குத் திறக்கப் பத்துப் பவுண்டு கேட்ட காலத்தில், இங்கே ஆறு பென்ஸ் போதுமானதாக இருந்தது. பாரிஷ் என்பது பிரசங்க மேடையோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி, சொல்லின் பொருள் தலைகீழானதைக் காண்போம். 18ஆம் நூற்றாண்டில் ஏழைக்கு உதவி பெறும் உரிமை பிறப்பாலோ, ஒரு பாரிஷில் மூன்றாண்டு தொடர்ந்து வாழ்ந்ததாலோ அமைந்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. வேலை தேடி வேறிடம் செல்வோர் தம் போதகரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் பெற்றுச் சென்றனர். ஊருக்கு உரிமையற்ற அயலானைக் குறித்த சொல், யார் ஊருக்கு உரியவர், யார் அயலார் என்று தீர்ப்பளிக்கும் சொல்லாக மாறிவிட்டது.

தமிழில் இதற்கு இணை என்ன? கத்தோலிக்கர் வழங்கும் பங்கு, திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் சேகரம் ஆகிய இரண்டும் உயிருள்ள நல்ல சொற்கள். இன்றைய திருச்சபை நிருவாகத்தைப் பற்றி எழுதும்போது அந்தந்த மரபினரின் சொல்லையே ஆளவேண்டும். ஆனால் பள்ளியும் வறியோர் காப்பும் விளைச்சல் வரியும் அடங்கிய பழைய ஸ்காட்லாந்துப் பிரிவுக்கு அவை குறுகலானவை. கிராமம் என்பது அதைவிடப் பிழை. ஏனெனில் ஒரு பாரிஷுக்குள் பல சிற்றூர்களும் தனிப் பண்ணைகளும் பரந்து கிடந்தன.

என் தேர்வு, யாழ்ப்பாணத்தில் வழங்கிய கோயிற்பற்று என்னும் சொல். பற்று என்பது பழைய தமிழில் ஒருவரோ ஓர் அமைப்போ பற்றி ஆண்ட நிலத்தைக் குறிக்கும். கல்வெட்டுகளில் படைப்பற்று என்ற வழக்கு உண்டு. மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்னும் பெயர்கள் இன்றும் ஆட்சிப் பிரிவுகளாக நிலைத்துள்ளன. போர்த்துக்கீசர் வகுத்த கோயிற்பற்றுகளை ஒல்லாந்தர் தொடர்ந்தபோது, கோயிலோடு பள்ளியும் இணைந்திருந்தது. பள்ளி ஆசிரியரே திருமுழுக்கையும் திருமணத்தையும் தோம்பு எனப்பட்ட ஏட்டில் பதிந்தார். அந்த ஒல்லாந்தரும் ஸ்காட்லாந்தினரும் 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த ஒரே சீர்திருத்த மரபினர். கோயில், பள்ளி, பதிவேடு, நிலம் நான்கையும் ஒருசேரத் தாங்கிப் பழகிய சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கும்போது புதிதாக ஒன்றைப் புனைய வேண்டியதில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். 1845க்குப் பின் வறியோர் காப்பு தனி வாரியங்களிடம் சென்றது; 1872இல் பள்ளிகள் கல்வி வாரியங்களிடம் சென்றன; 1894ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் மன்றங்களை அமைத்தது; 1930இல் அவையும் கலைக்கப்பட்டன. இந்த ஆட்சி அலகைப் பற்று என்று மட்டும் எழுதி, அதன் மன்றத்தைப் பற்று மன்றம் எனலாம். 1854 வரை கோயில்கள் பேணிய ஏடுகளையோ கோயிற்பற்றுப் பதிவேடுகள் என்றே சொல்லவேண்டும். அவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரைச் சேர்ந்த எரல் கோயிற்பற்றினுடையது. அதன் பதிவுகள் 1553இல் தொடங்குகின்றன.