வெள்ளையடித்த சுவரைச் சுரண்டுவதற்கு முன்

பழைய தேவாலயங்களின் சுவர்ப்பூச்சைப் பழுதுபார்ப்பது என் தொழில். பிரான்சின் சிற்றூர்களுக்கு வேலையாகச் செல்லும்போது, காரையை முழுவதும் உரித்துக் கல்லை வெளியே காட்டிவிடலாமே என்று ஊராட்சியினர் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது, நடு பிரான்சின் பெரி பகுதியில் நொஆன்-விக் ஊரிலுள்ள புனித மார்ட்டின் தேவாலயத்துக்கு நேர்ந்ததைத்தான்.

ஒற்றைக் கூடமும், அதற்கு அப்பால் பீடப்பகுதியும், அரைவட்டமாக முடியும் பின்சுவரும் கொண்ட எளிய கட்டடம் அது; வெளியிலிருந்து பார்ப்பவர் நின்று கவனிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1849இல் அவ்வூர்ப் பங்குத்தந்தை பெரிகோ, உட்சுவர்களின் சுண்ணாம்பு வெள்ளைக்கு அடியில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். அருகிலிருந்த நொஆனில் வசித்த எழுத்தாளர் ஜார்ஜ் சாந்து அவற்றைக் காக்கக் குரல் கொடுக்க, 1834 முதல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக இருந்த ப்ரோஸ்பர் மெரிமேயின் கவனத்துக்குச் செய்தி சென்று, 1850இல் அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பதிவானது.

எருசலேம் நுழைவு, இராவுணவு, பாதம் கழுவுதல், யூதாசின் முத்தம் என இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள் சுவரை நெருக்கி நிறைக்கின்றன. காவியும் மஞ்சளுமே மேலோங்கிய அவ்வோவியங்களில், பெரிய விழிகளோடு உடல்களை வளைத்து ஒருவர்மேல் ஒருவர் சாயும் அந்தக் கூட்டத்தை வரைந்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

ஈரக் காரையின் மேல் நிறம் தீட்டும்போது, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகி, நிறத்தையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் மேலே பூசிய வெள்ளையும் அதே சுண்ணாம்பு என்பதால் சுவர் தொடர்ந்து மூச்சுவிட முடிந்தது. இதற்கு மாறாகச் சிமெண்ட் பூசினால், அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அதிலுள்ள உப்பு பூத்து, காரையை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். வெறுங்கல் மோகமும் இதற்குச் சளைத்ததல்ல. ஒழுங்கற்ற கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்களைப் பூச்சில்லாமல் விட அக்காலக் கொத்தனார்கள் எண்ணியதேயில்லை. அந்த அழகு நம் காலத்தின் ரசனை, அவ்வளவுதான்.

1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தபின், அதற்கு முன் கட்டப்பட்ட ஊர்த் தேவாலயங்களில் பெரும்பாலானவை ஊராட்சிகளின் சொத்தாயின. பதிவான சின்னமானால் அரசின் அனுமதியின்றிச் சுவரைத் தொட முடியாது. ஆபத்து, பதிவாகாத கட்டடங்களுக்குத்தான். அங்கே ஒரு கோடை விடுமுறையின் உற்சாகமே போதும், எட்டு நூற்றாண்டுகள் குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

நாங்கள் சுவரை முதலில் கணுவிரலால் தட்டிப் பார்ப்போம்; பொள்ளலாக ஒலித்தால் காரை கல்லை விட்டு விலகியிருக்கிறது. பின்னர் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வொளியில் மேடுபள்ளங்களைப் பார்த்து, உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் அறுவைக் கத்தியால் ஒவ்வொரு வெள்ளைப் படலமாக நீக்கி, எண்ணிக் குறித்துக்கொள்வோம். ஒரு பொட்டுக் காவி தென்பட்டாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஊராட்சித் தலைவரைத் தொலைபேசியில் அழைப்போம்.