'கன்டெய்னருக்குள்ளதானே 777 போட்டேன்?'

சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு போன். "அக்கா, நம்ம கடை சைட்ல ஏதோ மாத்திரை விளம்பரம் வருது. நான் எதையுமே தொடலை." இந்த வருடத்தில் இப்படி எனக்கு வரும் நான்காவது அழைப்பு. காரணமும் நான்கு முறையும் ஒன்றுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு சர்வர், அதில் இரண்டு டாக்கர் கன்டெய்னர்கள், அதாவது ஒரே கணினியில் மென்பொருட்களைத் தனித்தனி அறைகளில் ஓட்டுவது போன்ற ஏற்பாடு. ஒன்று துணி விற்கும் வேர்ட்பிரஸ் தளம். இன்னொன்று, எப்போதோ சோதித்துப் பார்க்கப் போட்டு, நிறுத்த மறந்துபோன அதன் பழைய நகல். படங்களை இரண்டு இடத்தில் வைப்பானேன் என்று, ஹோஸ்டில் (கன்டெய்னர்கள் ஓடும் அந்த சர்வரில்) இருந்த ஒரே அப்லோட்ஸ் ஃபோல்டரை இரண்டுக்கும் மவுன்ட் செய்திருந்தார்கள், அதாவது உள்ளே தெரியும்படி இணைத்திருந்தார்கள். இரண்டுமே அதில் எழுதலாம். பெர்மிஷன் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்.

அந்த ஃபோல்டரில், ஃபைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்என்' கட்டளையை அடித்தேன். கடைசியில் 'என்' சேர்த்தால் உரிமையாளரின் பெயருக்குப் பதிலாக எண் வரும். சேலைப் படங்கள், சுடிதார் படங்கள், வரிசையாக 33, 33, 33. நடுவில் ஒரே ஒரு பிஎச்பி ஃபைல். அதன் எண் மட்டும் 82.

அதைப் பார்த்ததுமே மீதிக் கதை தெரிந்துவிட்டது. கடைத் தளத்தின் இமேஜ், அதாவது கன்டெய்னரை உருவாக்கும் அச்சு, டெபியன் என்ற லினக்ஸ் வகை. அங்கே வெப் சர்வர் ஓடும் யூசருக்கு எண் 33. பழைய நகல் ஆல்பைன், இன்னொரு லினக்ஸ் வகை. அங்கே அதே பெயருள்ள யூசருக்கு எண் 82. ஃபைல் நுழைந்தது பழைய நகல் வழியாக, அதில் புதுப்பிக்காமல் கிடந்த ஒரு பிளகின் மூலமாக. ஆனால் விழுந்த இடம் பொது ஃபோல்டர். கடைத் தளத்தின் முகவரியோடு அந்த ஃபைல் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால், அது கடைத் தளத்தின் கன்டெய்னரிலேயே ஓடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருப்பதும் அங்கேதான்.

"777 யார் போட்டது?"

"நான்தான்க்கா. பெர்மிஷன் டினைடுன்னு வந்துச்சு. கன்டெய்னருக்குள்ளதானே போட்டேன், வெளிய ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகும். இதை எத்தனை முறை சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு முறை நிதானமாகச் சொல்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

கன்டெய்னர் என்பது தனிக் கணினி கிடையாது. உள்ளே ஓடும் ப்ராசஸ்களுக்கும் வெளியே ஓடுபவற்றுக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றே. நீங்கள் ஒரு ஃபோல்டரை மவுன்ட் செய்யும்போது அதன் நகல் உள்ளே போவதில்லை; அதே ஃபோல்டர்தான் உள்ளேயும் தெரிகிறது. உள்ளிருந்து சிமோட் (பெர்மிஷனை மாற்றும் கட்டளை) அடித்தால் மாறுவது ஹோஸ்டின் ஃபோல்டர். அதை மவுன்ட் செய்திருக்கும் மற்ற எல்லாக் கன்டெய்னருக்கும் அந்த நொடியே மாறிவிடும்.

அப்புறம், ஃபைலில் உரிமையாளரின் பெயர் என்று எதுவும் பதிவாவதே இல்லை. பதிவாவது எண் மட்டும். அந்த எண்ணுக்குப் பெயர் கொடுப்பது, எந்த எண் எந்த யூசர் என்று எழுதியிருக்கும் அந்தந்த கன்டெய்னரின் பாஸ்வேர்டு ஃபைல். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் டெபியன் இமேஜில் 999 என்றால் போஸ்ட்கிரஸ் என்ற யூசர். அதே ஃபோல்டரை வெளியிலிருந்து பார்த்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு சேவையின் பெயர் நிற்கும். 'யாரோ உரிமையாளரை மாற்றிவிட்டார்கள்' என்று பதறி, வெளியிலிருந்து சோவ்ன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) அடித்து, டேட்டாபேஸையே எழவிடாமல் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் எதையும் மாற்றவில்லை. எண் அதேதான்.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரின் எண் 0; அதற்கும் இதே கதைதான். கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடினால், மவுன்ட் செய்த ஃபோல்டரைப் பொறுத்தவரை அது ஹோஸ்டின் ரூட். நம்பிக்கை இல்லையென்றால் உள்ளே ஒரு வெற்று ஃபைலை உருவாக்கிவிட்டு, வெளியே வந்து சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) இல்லாமல் அதில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், முடியாது. மேக்கில் சோதித்துவிட்டு 'எனக்கு அப்படி வரவில்லையே' என்று சொல்லாதீர்கள். அங்கே டாக்கர் டெஸ்க்டாப் நடுவில் ஒரு விர்ச்சுவல் மெஷினை வைத்து இந்த எண் விவகாரத்தையே மறைத்துவிடுகிறது. லேப்டாப்பில் ஓடியது லினக்ஸ் சர்வரில் பெர்மிஷன் டினைடு கொடுப்பதும், உடனே கை 777-க்குப் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இது டாக்கரோடு வந்த பிரச்சினையும் இல்லை. 2005-இல் வந்த சோலாரிஸ் 10 இயங்குதளத்தின் ஸ்பார்ஸ் சோன்களில் (அந்தக் காலத்துக் கன்டெய்னர்கள்) யூஎஸ்ஆர், லிப் போன்ற பொது டைரக்டரிகள் வாசிக்க மட்டுமே கிடைத்தன. 2007-இல் ஏஐஎக்ஸ் 6.1 இயங்குதளத்தின் வொர்க்லோட் பார்ட்டிஷன்களிலும் (இவையும் கன்டெய்னர் போன்றவை) யூஎஸ்ஆர், ஆப்ட் இரண்டும் அப்படித்தான், அதுவும் டீஃபால்டாக. பொதுவானதில் எழுத விடாதே, எழுத வேண்டியதைத் தனியாகக் கொடு என்பது அந்த வடிவமைப்பிலேயே இருந்தது. டாக்கரில் நாமாக ':ஆர்ஓ' (வாசிக்க மட்டும்) சேர்க்காவிட்டால் எழுதும் உரிமையோடுதான் மவுன்ட் ஆகும்.

ஆகவே சேருங்கள். கான்ஃபிக், சான்றிதழ், காட்டுவதற்கு மட்டும் தேவைப்படும் படங்கள் எல்லாவற்றுக்கும் ':ஆர்ஓ'. இரண்டு கன்டெய்னர்கள் ஒரே இடத்தில் எழுதியே ஆக வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே எண்ணில் ஓட்டுங்கள். முடியாதா, பொதுவாக ஒரு குரூப் எண் கொடுத்து ஃபோல்டருக்கு 2775 (உள்ளே வரும் புது ஃபைல்களும் அதே குரூப்பில் சேரும்) போடுங்கள், உமாஸ்க் (புது ஃபைலின் பெர்மிஷனில் எதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண்) 002 ஆக இருக்கட்டும். பத்து நிமிட வேலை. அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஓடாதபடி வெப் சர்வரில் தடுத்துவிடுங்கள். கன்டெய்னரையே ரீட்-ஒன்லியாக ஓட்டி, டெம்ப் டைரக்டரிக்கு மட்டும் டெம்ப்எஃப்எஸ் (நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஃபோல்டர்) கொடுத்தால் இன்னும் நல்லது. யூசர் நேம்ஸ்பேஸ் மூலம் உள்ளே இருக்கும் 0-ஐ வெளியே 100000 போன்ற அதிகாரமில்லாத ஒரு எண்ணாக மாற்றும் வசதி டாக்கரில் 2016-இலிருந்தே இருக்கிறது. நான் போய்ப் பார்க்கும் சர்வர்களில் அதைப் பயன்படுத்துபவர்களைக் காண்பதே அரிது. டாக்கருக்குக் கட்டளைகள் போகும் வழியான சாக்கெட் ஃபைலைக் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்யவே செய்யாதீர்கள். அதைத் தொட முடிந்தவர் ஹோஸ்ட்டுக்கே ரூட்.

ஒரே டேட்டா ஃபோல்டரை இரண்டு போஸ்ட்கிரஸ் கன்டெய்னர்களுக்குக் கொடுக்காதீர்கள். 'லாக் ஃபைல் இருக்கிறதே, தடுத்துவிடும்' என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த ஃபைலில் இருப்பது ப்ராசஸ் எண். கன்டெய்னருக்குள் பெரும்பாலும் இரண்டுக்குமே அந்த எண் 1. இரண்டாவதாக எழுவது அதைப் படித்து, 'இது என் எண்தானே, பழைய ஃபைல் போலிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்கும். டேட்டா சிதைந்த பிறகு மீட்க பேக்கப் ஒன்றுதான் வழி.

கம்போஸ் ஃபைலில் எழுதிய கன்டெய்னர்களை ஒன்றாக நிறுத்தி நீக்கும் 'டாக்கர் கம்போஸ் டவுன்' அடிக்கும்போது பழக்கதோஷத்தில் '-வி' சேர்ப்பவர்களே, அது அந்தக் கம்போஸ் ஃபைலில் இருக்கும் வால்யூம்களையும், அதாவது டேட்டா சேமிப்பிடங்களையும், அழிக்கும். 'நிச்சயமாகவா' என்று உங்களைக் கேட்காது. எந்த வால்யூமிலும் வைக்காமல் கன்டெய்னருக்குள்ளேயே எழுதியவையோ, '-வி' இல்லாவிட்டாலும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அந்தத் துணிக்கடைத் தளத்தைச் சுத்தம் செய்து முடிக்கும்போது ஞாயிறு மாலை ஆகிவிட்டது. பழைய நகலை நீக்கினோம், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றினோம், படங்களைத் தவிர அந்த ஃபோல்டரில் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தம்பி அதுவரை தூங்காமல் கூடவே இருந்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. 777 போடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

நீங்கள் இன்றைக்குக் கிளம்புமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் சர்வரில் ஓடும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' அடித்து, மவுன்ட்ஸ் பகுதியில் 'ஆர்டபிள்யூ' (எழுதும் உரிமை) ட்ரூ என்று இருப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பாதை இரண்டு கன்டெய்னர்களில் வந்தால் வட்டமிடுங்கள். இரண்டில் எதற்கு உண்மையிலேயே எழுத வேண்டும் என்று டீமில் கேளுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால், இரண்டாவதற்கு இன்றே ':ஆர்ஓ' போட்டுவிட்டு எது உடைகிறது என்று பாருங்கள்.