'நல்லதுதானே?' என்று கேட்பவர்களுக்கு

உணவு ஆலோசனைக்கு என்னிடம் இப்படி வந்தவர்களில், இந்த மாதத்தில் மட்டும் இவர் நான்காவது ஆள். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, சாப்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள் என்று அவருடைய மருத்துவர் அனுப்பியிருந்தார். "சர்க்கரையைத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். காலையில் வெந்நீரில் தேன், இரண்டு பெரிய கரண்டி. அப்புறம் ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'வீட்டில் பிழிந்தது'.

அந்த அடைப்புக்குறியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. வீட்டில் பிழிந்தால் சர்க்கரை கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுமா?

"எத்தனை பழம் சார் பிழிவீங்க?"

"நாலு."

"நாலையும் உரிச்சு ஒரே நேரத்துல சாப்பிட்டிருக்கீங்களா?"

சிரித்துவிட்டார். சாப்பிட முடியாது, இரண்டாவது பழத்திலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். பழத்தை மெல்ல நேரமாகிறது, நார்ச்சத்தும் கூடவே போகிறது, சர்க்கரை மெதுவாக ரத்தத்தில் ஏறுகிறது. பிழிந்ததும் நாரில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குப் போய்விடுகிறது, மிச்சத்தை இரண்டு நிமிஷத்தில் குடித்துவிடுகிறோம். 300 மில்லி ஆரஞ்சு ஜூஸில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரைக்கு ஓர் எல்லை சொல்கிறது: நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். அந்தக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரை மட்டும் வருவதில்லை. தேன், பாகு, பழச்சாறு எல்லாமே வரும். முழுப் பழம் வராது. இவருடைய ஒரு நாள் கணக்கு காலை எட்டு மணிக்கே முடிந்துவிட்டது.

தேனைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, தெரியும். ஆனாலும் சொல்கிறேன். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதிலுள்ள தாதுச் சத்துகள் கணக்கில் சேராத அளவுக்குக் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. தேன் கனமானது. ஒரு பெரிய கரண்டித் தேன் 20 கிராமுக்கு மேல் நிற்கும், அதில் சர்க்கரை மட்டும் 17 கிராம். அதே கரண்டியில் வெள்ளைச் சர்க்கரையை எடுத்தால் 12, 13 கிராம்தான். கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் உள்ளே போகும் சர்க்கரை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை! சுவைக்காக எப்போதாவது சாப்பிடுங்கள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மருந்து என்று நினைத்து தினமும் சாப்பிடாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஒரு துளிகூட நாக்கில் வைக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும்.

இதெல்லாம் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: "இது நல்லதா?" அப்படிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதற்குப் பதிலாக, எவ்வளவு என்று சேர்த்துக் கேளுங்கள். கொட்டைப் பருப்பு நல்லதா? பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி என்றால் மிக நல்லது. பிஸ்கட்டையும் தின்றுவிட்டு அதற்கு மேல் ஒரு கைப்பிடி என்றால், கூடுதலாக 170, 180 கலோரி. வெண்ணெயை விட வேண்டுமா? விட்ட இடத்தில் விதைகளில் எடுத்த எண்ணெய் வந்தால் கெட்ட கொழுப்பு இறங்கும். மைதாவும் சர்க்கரையும் வந்தால் விட்டும் பயனில்லை. உப்பு கல்லாக இருந்தாலும், கடலில் எடுத்ததாக இருந்தாலும், இளஞ்சிவப்பாக இருந்தாலும் உப்புதான். நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சிறு கரண்டிக்கும் குறைவு. அயோடின் சேர்த்ததாக வாங்கினால் போதும்.

சரி, தினமும் என்னதான் சாப்பிடுவது? கேட்டால் சப்பென்று இருக்கும். தட்டில் பாதி காய்கறியும் பழமும். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம், உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. கால் பங்கு தானியம், முடிந்தவரை தவிடு நீக்காதது. மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் என்று புரதம். பலருக்கு இடிப்பது இந்தக் கடைசிக் கால் பங்குதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். காலையில் ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டு 'புரதம் ஆச்சு' என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். வயதானவர்கள் பாடு இன்னும் மோசம். பசி குறைகிறது, மெல்லச் சிரமம், இரவில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; தசை கரைவது வெளியே தெரிவதில்லை, ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழும்போதுதான் தெரிகிறது. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை டீ உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை பிழிந்துகொண்டால் நன்றாகச் சேரும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன தட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. உங்களுக்குப் பழத்திலும் பருப்பிலும் வேறு கணக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒன்று: சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால், அந்த நேரத்தில் அரை டம்ளர் ஜூஸ்தான் மருந்து. அப்போது என்னை நினைத்துக்கொண்டு பழத்தை உரித்துக்கொண்டிருக்காதீர்கள். உணவை மாற்றிய கையோடு மாத்திரையை நீங்களாகக் குறைப்பதும் வேண்டாம். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

என்னிடம் வருவதாக இருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள். நல்லது என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள், நின்றுகொண்டே வாயில் போட்டதையும், பிள்ளை மிச்சம் வைத்ததையும் எழுதுங்கள். அடைப்புக்குறி மட்டும் வேண்டாம்.