பேஸ்பால் அட்டவணை: ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கணக்கு

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் மூன்று மணி நேரம் நீளும் ஓர் ஆட்டத்தின் புள்ளிவிவரம் முழுவதும் உள்ளங்கையளவு அட்டவணை ஒன்றில் அடங்கிவிடுகிறது. 'பாக்ஸ் ஸ்கோர்' எனப்படும் இந்த அட்டவணையை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீர்ப்படுத்தியவர், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்திகளும் எழுதிவந்த ஹென்றி சாட்விக். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் சாயலை அதில் இன்றும் காணலாம். பேஸ்பாலில் ஓர் அணியின் மூன்று அவுட்டுகளோடு அதன் இன்னிங்ஸ் முடியும்; வழக்கமாக ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீசும் பிட்ச்சரின் பெயருக்கு எதிரே 6.2 இன்னிங்ஸ் என்றிருந்தால், ஆறு இன்னிங்ஸ் முழுமையாகவும், அதற்குமேல் இரண்டு அவுட்டுகள் வரையிலும் அவர் வீசினார் என்று பொருள். ஓவர் கணக்கு அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த அட்டவணையின் உண்மையான வலிமை, அது தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வதில் இருக்கிறது. ஆட வந்த எந்த பேட்டருக்கும் மூன்றில் ஒரு முடிவுதான் உண்டு: களத்தின் பேஸ்கள் எனப்படும் தளங்களைச் சுற்றி வந்து ரன் எடுத்திருப்பார், அவுட் ஆகியிருப்பார், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது ஏதேனும் ஒரு பேஸில் நின்றிருப்பார். ஆகவே ஓர் அணியிலிருந்து ஆட வந்த பேட்டர்களின் மொத்த எண்ணிக்கை (ஒருவரே மீண்டும் வந்தால் மீண்டும் எண்ணப்படுவார்), அந்த அணியின் ரன்கள், பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட்டுகள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தே தீர வேண்டும். சமமாக இல்லையென்றால் எழுதியவர் எங்கோ தவறியிருக்கிறார்.

1956 அக்டோபர் 8 அன்று, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் பிட்ச்சர் டான் லார்சன், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடவில்லை. வந்தவர்கள் 27, ரன் 0, நின்றவர் 0, அவுட் 27. இதைவிடச் சுருக்கமான கணக்கு இருக்க முடியாது. ஆனால், அந்த 27இல் ஒன்று நூலிழையில் கிடைத்தது. இரண்டாம் இன்னிங்ஸில் ஜாக்கி ராபின்சன் வேகமாக அடித்த பந்து மூன்றாம் பேஸ் வீரரின் கையில் பட்டுத் திசைமாறி, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் போக, அவர் அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ராபின்சனை அவுட்டாக்கினார். களத்தின் ஒன்பது இடங்களுக்கும் நிலையான எண்கள் உண்டு என்பதால், ஸ்கோர் எழுதுபவர் இதை 5-6-3 என்று குறிப்பார். பந்து யார் யார் கையில் பட்டது என்பதை அந்த மூன்று எண்கள் சொல்லிவிடுகின்றன. அட்டவணையிலோ அதுவும் மறைந்து, ராபின்சன் பெயருக்கு நேரே வெறும் பூஜ்யம் மட்டுமே மிஞ்சுகிறது.

எண்களுக்கிடையே மனிதத் தீர்ப்பு நுழையும் இடம் வேறு. பேட்டர் முதல் பேஸை எட்டியது அவருடைய அடியின் பயனா (ஹிட்), தடுப்பவரின் பிழையா (எர்ரர்) என்பதை லீக் நியமித்த அதிகாரபூர்வ ஸ்கோரர் முடிவு செய்கிறார். சராசரி முயற்சியில் எடுத்திருக்கக்கூடிய பந்தைத் தவறவிட்டிருந்தால் அது எர்ரர். இந்த ஒரு முடிவால் பேட்டரின் சராசரியும், பிழையால் வந்த ரன்களை விலக்கிக் கணிக்கப்படும் பிட்ச்சரின் சராசரியும் மாறிவிடக்கூடும். எனினும் மேற்சொன்ன சமன்பாடு அசைவதில்லை, வந்தவர் வந்தவரே.

சமன்பாடு நேரானால் பதிவு உண்மையாகிவிடும் என்பதல்ல. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாந்துக்கு எதிராக முதல் 26 பேரையும் அவுட்டாக்கியிருந்தார். 27ஆவது பேட்டர் அடித்த பந்தை முதல் பேஸ் வீரர் எடுத்து, பேஸை நோக்கி ஓடிவந்த கலராகாவிடம் எறிந்தார். பந்து முந்தியது, நடுவர் ஜிம் ஜாய்ஸோ அவுட் இல்லை என்றார். ஆட்டம் முடிந்து காட்சியைப் பார்த்த பிறகு தன் தீர்ப்பு தவறென்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த பேட்டர் அவுட்டாகி ஆட்டம் முடிந்தது: வந்தவர்கள் 28, ரன் 0, நின்றவர் 1, அவுட் 27. கணக்கு கச்சிதமாக நேராகிறது. தீர்ப்பை மாற்ற லீக் தலைமை முன்வராததால், கலராகா அன்று ஒரு ஹிட் கொடுத்தார் என்றே அதிகாரபூர்வப் பதிவு இன்றும் சொல்கிறது.