பேட்டரி பூங்கா வாசலில் டிக்கெட் வாங்காதீர்கள்

நியூ ஜெர்சியில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு நியூ யார்க்கைச் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்வது என் தொழில். கோடை வந்தால் இந்தப் போன் கட்டாயம் வரும்: "தம்பி, லிபர்ட்டி சிலைக்குன்னு படகு ஏறினோம். சிலைகிட்ட இறக்கவே இல்லியே?"

போன கோடையில் அப்படிப் பேசியவர் கும்பகோணத்துக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவர்! மன்ஹாட்டனின் தென்முனையில், பேட்டரி பூங்கா வாசலில், கழுத்தில் அட்டையும் பளிச்சென்ற மேல்சட்டையுமாக நின்ற ஒருவரிடம் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார். படகு லிபர்ட்டி சிலையைத் தூரத்தில் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. புகார் செய்யவும் வழியில்லை. 'சுற்றிப் பார்க்கும் பயணம்' என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்தது.

சிலை இருக்கும் தீவில் ஆட்களை இறக்கிவிட தேசியப் பூங்காத் துறை அனுமதித்திருப்பது ஸ்டேச்சு சிட்டி குரூசஸ் என்ற ஒரே நிறுவனத்தைத்தான். டிக்கெட்டை அவர்கள் இணையதளத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் பூங்காவுக்குள் காசில் கிளின்டன் என்ற பழைய கோட்டையில் இருக்கும் கவுன்டரில் வாங்குங்கள். நடைபாதையில் நிற்பவர் எந்த உடுப்பு போட்டிருந்தாலும் சரி, தாண்டிப் போய்விடுங்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பக்கத்திலேயே இருக்கும் ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரிக்கும் டிக்கெட் விற்கிறார்கள். அது முழுக்க இலவசம். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. 24 மணி நேரமும் ஓடும் பெரிய ஆரஞ்சுக் கப்பல், 8 கிலோமீட்டர், 25 நிமிடம். போகும்போது வலப்பக்கம் நின்றால் சிலை தெரியும். அக்கரையில் எல்லாரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அன்று மாலை அந்தத் தம்பதியைச் சமாதானப்படுத்த அதில்தான் கூட்டிப் போனேன். கப்பல் கிளம்பியதும் சார் கேட்டார்: "இத்தனை பெரிய கப்பல், டீசல், ஆளுங்க. யார் காசு குடுக்கறா?"

நகராட்சிதான். 1997 வரை 50 சென்ட் கட்டணம் இருந்தது, அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். அந்தத் தீவுக்காரர்களுக்கு மன்ஹாட்டனுக்கு நேராகப் போகும் சப்வே என்ற பாதாள ரயிலும் கிடையாது, பாலமும் கிடையாது. கப்பல்தான் அவர்களுக்கு டவுன் பஸ். நாம் ஓசியில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம்.

எல்லாப் படகுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. 2017இல் நகரம் தொடங்கிய என்ஒய்சி ஃபெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சப்வே கட்டணமேதான், 2.75 டாலர். கோடை ஞாயிறுகளில் வரிசை நீளும், ஜனவரி செவ்வாய்க்கிழமைகளில் காலி நாற்காலிகள். ஒரு சப்வே ரயில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும். இந்தப் படகில் சில நூறு பேர்தான். 2019இல் ஒரு பட்ஜெட் ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டபோது ஒரு பயணத்துக்கு 10.73 டாலர் மானியம் வந்தது. சப்வேயைப் போலப் பத்து மடங்கு. அப்புறம்தான் கட்டணத்தை ஏற்றினார்கள்.

சப்வே கதை வேறு. 1904 முதல் 1948 வரை கட்டணம் 5 சென்ட்தான். ஏற்றினால் ஓட்டுப் போய்விடுமே! கட்டணத்தைத் தொடாமல் விட்டதில் பராமரிப்புக்குக் காசு இல்லாமல் போனது. பிறகு கொரோனாவில் பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் காணாமல் போனார்கள், மத்திய அரசு கொடுத்த சுமார் 15 பில்லியன் டாலர்தான் தாங்கியது. அதுவும் தீர்கிற கட்டத்தில், 2023இல் நகர நிறுவனங்கள் சம்பளப் பட்டியலின் பேரில் கட்டும் வரியைக் கூட்டினார்கள். அது அன்றாடச் செலவுக்கு. சிக்னல், புது ரயில், லிஃப்ட் எல்லாம் தனிக் கணக்கு. 472 நிலையங்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் லிஃப்ட் இல்லை. முட்டி வலியோடு வரும் அம்மாக்களைக் கூட்டிப் போகும் எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்தத் தனிக் கணக்குக்குத்தான் 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே வரும் காருக்குப் பகலில் 9 டாலர் வாங்குகிறார்கள். நியூ ஜெர்சியிலிருந்து ஹாலந்து, லிங்கன் சுரங்கங்கள் வழியாக வந்தால் 3 டாலர் கழிவு. இதை எதிர்த்து நியூ ஜெர்சி மாநிலமே வழக்குப் போட்டது. இந்தக் காசு சப்வேக்கும் பஸ்ஸுக்கும் புறநகர் ரயிலுக்கும் போகும், ஆரஞ்சுக் கப்பலுக்குச் சல்லிக்காசு வராது. சார் இதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று மகன் காரில்தான் வந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் அவர்களை நியூ ஜெர்சிப் பக்கமே, லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் ஏற்றிவிட்டேன். அதே அனுமதி பெற்ற படகு அங்கிருந்தும் போகிறது, மன்ஹாட்டனுக்குள் கார் எடுக்கவே வேண்டாம். சிலையின் காலடியில் நின்று சார் போட்டோ அனுப்பினார். மாமிக்கு மட்டும் அந்த ஆரஞ்சுக் கப்பல்தான் பிடித்ததாம்.