ஷார்ட் டெலி பிரைம்: ஒரு லென்ஸ், நாலு சொல்

தருமபுரிப் பக்கம் கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்கள் இந்த லென்ஸை ‘எய்ட்டி ஃபைவ்’ என்பார்கள். கிராப் பாடி, அதாவது படத்தைப் பதியும் சென்சார் சின்னதாக உள்ள கேமரா, வைத்திருப்பவர் ‘ஃபிஃப்டி சிக்ஸ்’ என்பார். ‘கிராப் சென்சாருக்கான காம்பேக்ட் ஷார்ட் டெலிஃபோட்டோ பிரைம் லென்ஸ்’ என்ற முழுப் பெயர் கடைப் பெட்டியோடு சரி. அந்தப் பெயரில் பாதிச் சொற்கள் தம் நேர்ப்பொருளில் நிற்பதில்லை. வாங்கும் முன் பிரித்துப் பார்த்தால், லென்ஸை எங்கெங்கே சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் லென்ஸ். லத்தீனில் இது மைசூர்ப் பருப்பைக் குறிக்கும் சொல். இரு பக்கமும் புடைத்த கண்ணாடி அந்தப் பருப்பைப் போல இருந்ததால் வந்த பெயர். தமிழில் வில்லை. கற்பூர வில்லை, சடைவில்லை, அந்தக்காலச் சேவகர் மார்பில் குத்தியிருந்த வில்லை எல்லாம் இதே சொல்தான். வில்லுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுவோர் ‘பில்ல’ என்றும் கன்னடம் பேசுவோர் ‘பில்லெ’ என்றும் வட்டத் தகட்டைச் சொல்வதைக் கேட்டால் உறவு புரியும். நம் பாடநூல்கள் குவிலென்சு, குழிலென்சு என்று நின்றுவிட்டன; இலங்கைத் தமிழர் வில்லையைப் பாடத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அவர்கள் கட்சிதான்.

டெலிஃபோட்டோவில்தான் சிக்கல் அதிகம். கிரேக்கத்தில் ‘டெலி’ தொலைவு, ‘ஃபோட்டோ’ ஒளி. 1891இல் இங்கிலாந்தின் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர் இத்தகைய லென்ஸுக்குக் காப்புரிமை பெற்றபோது அதற்குத் திட்டமான பொருள் இருந்தது. முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் விரிக்கும் தொகுதி. இரண்டும் சேர்ந்து, குவியத் தொலைவைவிட (எட்டத்து ஒளி லென்ஸைத் தாண்டிக் குவியும் தூரம்; 56, 85 என்று மி.மீ.யில் சொல்வது இதைத்தான்) நீளம் குறைந்த லென்ஸைத் தரும். ஆக, சொல் பிறந்ததே லென்ஸைக் குட்டையாக்கும் வித்தைக்காக. பிறகு, எட்ட இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘தொலைநோக்கு வில்லை’ என்று எழுதுகிறவர்கள் தொலைநோக்கியோடு குழப்புகிறார்கள். ‘தொலைப்பட வில்லை’ போதும். ‘தொலைவில்லை’ என்று சுருக்கினால் ‘தொலைவு இல்லை’ என்று படித்துத் தொலைப்பார்கள்!

‘ஷார்ட்’ என்பது லென்ஸின் உருவத்தைப் பற்றியது இல்லை. தொலைப்பட வரிசையில் முதல் படி என்பதே பொருள். 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் குவியத் தொலைவு 85 முதல் 105, மிஞ்சினால் 135 வரை. தமிழில் ‘குறுந்தொலை’. ஆள் முகத்துக்கு இதைத் தேடுவது ஏன்? கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும்; ஐந்தாறு அடி தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும். இதைச் செய்வது தூரம்தான். அங்கே நின்றபடியே சட்டத்தை நிறைக்க விடுவது மட்டுமே லென்ஸின் வேலை.

‘கிராப்பு’ நமக்குப் பழைய சொல். குடுமியை எடுத்தவர்கள் வைத்துக்கொண்டது. 35 மி.மீ. ஃபிலிம் அளவான 36×24 மி.மீ. சென்சாரின் ஓரங்களை வெட்டியது போன்ற அளவு, சுமார் 23.5×15.6 மி.மீ. கேனனில் இன்னும் கொஞ்சம் சின்னது. ‘சிற்றுணரி’ என்றால் பொருந்தும். இதில் 56 மி.மீ. லென்ஸை மாட்டினால் 1.5ஆல் பெருக்கி 84. பார்வைக் கோணம் ஏறக்குறைய 28 பாகை. பெருக்குவது கோணத்துக்காக மட்டுமே. லென்ஸ் 56ஆகவே இருக்கும். எஃப் 1.4 (லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண்; குறையக் குறைய வெளிச்சம் கூடும்) என்றால் வெளிச்சமும் 1.4தான், ஆனால் பின்னணி மங்குவது பெரிய சென்சாரில் 85ஐ எஃப் 2.1இல் வைத்த அளவுக்கே. கடைக்காரர் பின்பாதியைச் சொல்ல மாட்டார்.

பிரைம் என்பதை ‘முதன்மை வில்லை’ என்று பெயர்ப்பது பொருந்தாது. துணை லென்ஸ் மாட்டிக்கொள்ளும் காலத்தில் மூல லென்ஸைப் பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. இன்று ஜூம் ஆகாதது என்பதே பொருள். ‘நிலைக்குவிய வில்லை’ சரியாகச் சொல்கிறது. ஆக முழுப் பெயர்: சிற்றுணரிக்கான குறுந்தொலை நிலைக்குவிய வில்லை.

இனி கையில் எடுத்துப் பார்ப்போம். 2018இல் வந்த சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 நல்ல எடுத்துக்காட்டு. எடை 280 கிராம், நீளம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர், அரை மீட்டர் வரை கிட்டப் போகலாம். ‘காம்பேக்ட்’ என்ற சொல் இங்கே பொய்யில்லை. ஆட்டம் தாங்கும் வசதி உள்ளே கிடையாது. பாடியிலும் இல்லையென்றால் மண்டப வெளிச்சத்தில் ஷட்டரை ஏற்றித்தான் ஆக வேண்டும். நின்றவரைத் தலை முதல் கால் வரை நெடுக்காக அடக்க ஐந்து மீட்டர் பின்வாங்க வேண்டும். மொய் வரிசை மேடையேறி நிற்கையில் அந்த ஐந்து மீட்டர் கிடைக்காது. மணப்பெண் அறையில் நினைக்கவே வேண்டாம். அதற்கு ஒரு 23 மி.மீ. லென்ஸோ 30 மி.மீ. லென்ஸோ கூடவே இருக்கட்டும்.

கூர்மையைச் சோதிக்கச் செங்கல் சுவரைத் தேடுவார்கள். நம் மாவட்டத்தில் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்கள். கல்லின் வீரன் உருவமும் வட்டெழுத்து வரியும் ஏறக்குறைய ஒரே தளத்தில், நடு முதல் ஓரம் வரை இருக்கும். கேமராவைக் கல்லுக்கு நேராக நிறுத்தி, எஃப் 1.4இல் ஒன்று, 4இல் ஒன்று எடுத்து, ஓர எழுத்தின் வளைவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். கல்லின் நேர்விளிம்பு உள்வாங்கியிருந்தால் வடிவக் கோணல். சிறிய லென்ஸ்கள் பல இந்தத் திருத்தத்தைக் கேமராவின் மென்பொருளிடம் தள்ளிவிடும். கேமரா திருத்திச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) படத்தில் கோணல் தெரியாது, திருத்தாத ரா (RAW) பதிவில் தெரியும்.

ஒகேனக்கல்லுக்கு எடுத்துப் போவதானால் ஒன்று: இந்த லென்ஸில் தண்ணீர்த் தடுப்பு, கேமராவோடு பூட்டும் மவுன்ட்டில் மட்டுமே. பரிசல் அருவிப் பக்கம் திரும்பும் முன் பையை மூடிவிடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்க எருதுவிடும் விழாவுக்கு இது எட்டாது. தடுப்புக்கு வெளியே நின்று காளை முகத்தைப் பிடிக்க 135க்கு மேல் வேண்டும்.